மலையிலிருந்து ஆட்களை எடுத்த வருடம்

திருத்தணியில் சித்தூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று வருடங்கள் இருந்தேன். அறையைப் பார்க்க வந்த அன்றே வீட்டுக்காரரிடம் சீலிங் ஃபேனைக் கழற்றித் தரச் சொன்னேன். அது சித்திரை மாதம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபேன் இல்லாம எப்படிமா இருப்பே? இங்க வெயிலு தெரியுமா?"

"டேபிள் ஃபேன் வெச்சுக்கறேங்க. கையத் தூக்கினா மேல இருக்கற ஃபேன் இடிக்கும்."

"அவ்ளோ ஒசரத்துக்குக் கையத் தூக்கி இன்னா பண்ணப் போறே?"

கேம் செய்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து ஃபேனைக் கழற்றினார். அதன் பிறகு அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் சுருட்டி வைத்த பாய். நடுவில் பத்துக்குப் பத்து அடி வெறும் தரை.

தலையில் மாட்டினால் கண்ணை முழுக்க மூடிவிடும் ஒரு ஹெட்செட் உண்டு. இரண்டு கைகளிலும் இரண்டு கைப்பிடிகள். அதை மாட்டிக்கொண்டு ஆடும் உடற்பயிற்சி கேம்தான் நான் செய்துகொண்டிருந்தது. மாட்டியதும் அறை மறைந்துவிடும். ஒரு மலையின் அடிவாரத்தில் நிற்பீர்கள். பம்பை மேளம் அடிக்கத் தொடங்கும். அடிக்கு ஏற்றபடி எதிரிலிருந்து பந்துகள் பறந்து வரும். சிவப்பை வலது கையாலும் மஞ்சளை இடது கையாலும் குத்த வேண்டும். குறுக்கே மூங்கில் வந்தால் உட்கார்ந்து எழ வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் மலையில் சில படிகள் மேலே போயிருப்பீர்கள். அரை மணி நேரம் ஆடினால் போட்டிருக்கும் துணியைப் பிழியலாம்.

பம்பை சத்தத்தை ஆடிக் கிருத்திகைக்கு வந்த ஒரு குழுவிடம் கேட்டுப் பதிவு செய்தேன். மலை, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலைதான். கோயிலை கேமில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. படிகளையும் பாறைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். படிகளில் ஆட்களை வைத்தேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குடும்பம், பூக்காவடி எடுத்த ஒருவர், பாதிப் படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிடும் அம்மா, இடுப்பில் குழந்தையோடு மேலே அண்ணாந்து பார்க்கும் பெண். இப்படி முந்நூறு பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு நடை, ஒரு முகம். அவர்களைச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதத்தில் நிஜ ஆட்களோடு நான் பேசியது குறைவு. காலையில் பால் கடையில் "ஒரு பாக்கெட்". மதியம் மெஸ்ஸில் "ரசம் போதும்". பால் கடைக்கும் மெஸ்ஸுக்கும் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்து எடுத்தபோது குரலே எழும்பவில்லை. சளி பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் மதியத்திலிருந்து நான் வாயே திறந்திருக்கவில்லை.

எனக்கு ஆள் இல்லாமல் இல்லை. அரக்கோணம் போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே நிலமும் வீடும் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். சென்னையில் வேலை பார்த்த கம்பெனி கேம் பிரிவை மூடியதும், அதே வருடத்தில் என் கல்யாணமும் முறிந்துபோனதும், முதலில் அங்கேதான் போனேன். அண்ணி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பற்றிக் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் எழுந்து போகும்வரை எனக்கு நாற்காலி முள்ளாக இருக்கும். நாலு மாதம் பார்த்தேன். பிறகு திருத்தணிக்கு வந்துவிட்டேன்.

கேம் வேலையில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். கல்லூரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், இப்போது கனடாவில். படம், நிறம், வியாபாரம் அவள் பொறுப்பு. புரோகிராம் என்னுடையது. என் காலை அவளுக்குச் சாயங்காலம். ஞாயிறு தவிர தினமும் ஏழு மணிக்குப் பேசுவோம். பெரும்பாலும் வேலைப் பேச்சுதான்.

ஒரு நாள் அவள் உற்சாகமாகக் கூப்பிட்டாள். கேம்களை வெளியிட்டு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்றிருக்கிறார்கள். இனி ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்: இந்த கேம் எந்தெந்தக் கருவியில் ஓடும், ஏன்.

"இன்னும் மூணு மாசத்துக்குள்ள வேணுமாம். எல்லாத்துலயும் ஓடும்னு எழுதிடலாமாடி?"

"நாம ரெண்டே பேரு. எல்லாத்துக்கும் யாரு வேலை செய்யறது?"

"சரி, அப்போ நீ டெஸ்ட் பண்ணிச் சொல்லு. ஆனா உன்னையே வெச்சு டெஸ்ட் பண்ணாத. வேற ஆள் வேணும். நாப்பது அம்பது வயசு, கேமே ஆடாத ஆளு."

வேறு ஆள். எனக்குப் பால் கடைக்காரரும் மெஸ்காரரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த ஆள் தானாகவே வந்தார். மறுநாள் சாயங்காலம் நான் ஹெட்செட்டோடு குத்திக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து ஒரு குரல். கழற்றிவிட்டு ஜன்னலுக்குப் போனேன். எதிர்வீட்டு மொட்டைமாடியில், காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றார்.

"ஏம்மா! உனக்கு சாமி கீமி வருதா?"

"இல்லீங்க. கேம்."

"நான் ஒரு மாசமா பாத்துகினு இருக்கேன். கண்ணக் கட்டிகினு ஆடுற, குந்துற, எழுந்திரிக்கிற. எங்கூட்ல எல்லாரும் உனக்கு சாமி வர்றதாத்தான் பேசிகினு இருக்காங்க."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாள் ஆனது என்று தெரியவில்லை. நீங்களும் வந்து மாட்டிப் பாருங்கள் என்றேன். "ஆங், வரேன்" என்றார். பத்து நிமிடத்தில் படியேறி வந்துவிட்டார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. சர்க்கரை இருந்தது, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். தெருவில் நடந்தால் வழியெல்லாம் நிறுத்திப் பேசுகிறார்கள், நடை நடையாக இருப்பதில்லை என்று சொன்னார். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

முதலில் கம்ப்யூட்டரோடு கம்பி போட்டு இணைக்கும் ஹெட்செட்டைக் கொடுத்தேன். படம் அதில்தான் மிக நன்றாக இருக்கும். முந்நூறு பேரும் நிற்பார்கள், நடப்பார்கள், வெயில் அவர்கள் தோளில் விழும். அக்கா மாட்டியதும் கொஞ்ச நேரம் பந்தையே அடிக்கவில்லை.

"அய்யே, எவ்ளோ ஜனம்! நம்ம மலையாட்டமே கீது."

பிறகு அடிக்க ஆரம்பித்தார். நன்றாகவே அடித்தார். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கம்பி காலில் சுற்றியது. நான் பின்னாலேயே கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது. கண்ணுக்குள் மலை அணைந்து இருட்டானதும் அக்கா "அய்யோ" என்று கத்திக்கொண்டு சுவரில் போய் மோதினார். முழங்கையில் சிராய்ப்பு. எண்ணெய் தடவிவிட்டேன்.

"இது வூட்டுக்கு வூடு ஆகாதுமா," என்றார் கையை ஊதிக்கொண்டே. "கம்பி புடிக்க ஒரு ஆளு, கரண்ட் போனா புடிச்சிக்க ஒரு ஆளு."

நான் எழுத வேண்டிய பக்கத்தில் கம்ப்யூட்டர் என்ற வரிக்கு நேரே அதைத்தான் கொஞ்சம் நாகரிகமாக எழுதினேன்.

போன்தான் என் ஆசை. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லார் கையிலும் போன் இருந்தது. கண்ணாடி வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனைச் செருகி மாட்டினால் போதும், யாரும் ஆடலாம். பொதட்டூர்பேட்டையில் நாள் முழுக்கத் தறியில் நிற்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண்களின் முதுகும் தெரியும். அவர்களில் ஒருவராவது ஆட வேண்டும் என்று இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து போனுக்கு ஒரு வடிவம் செய்தேன்.

அக்கா அதை மாட்டிக்கொண்டு நாலே நிமிடம் ஆடினார். போனுக்குத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும்தான் தெரியும். உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அதற்கு ஒன்றுதான். அக்கா மூங்கிலுக்குக் குனிந்தார். மலை குனியவில்லை. கால் ஒன்று சொல்லக் கண் ஒன்று சொல்ல, பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். போன் தோசைக்கல் மாதிரி சுட்டது.

சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லாரும் போனில் ஆடுவார்கள் என்ற என் ஆசை கலைந்ததற்கா, அவர் வாந்தி எடுத்ததற்கா என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னாத்துக்குமா அழுவுற? காலையில துன்னது எனக்கு ஒத்துக்கல. அவ்ளோதான்," என்றார்.

மறுநாள் காலை கூட்டாளியோடு பேசிக்கொண்டிருந்தபோது அக்கா டிபன் பாக்ஸில் உப்புமா கொண்டு வந்தார். அன்று அவருக்கு லீவு. நான் பேசி முடிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேம் ஓடும் கருவிகளை எங்கள் வேலையில் பிளாட்பாரம் என்போம்.

"எப்பப் பாரு பிளாட்பாரம் பிளாட்பாரம்னே பேசிகினு கீறியே. எத்தினி பிளாட்பாரம்மா?"

"நாலுக்கா."

"எங்க ஸ்டேஷன்ல அதுக்கு மேலயே கீது. ஒரு நாளும் நான் இவ்ளோ யோசிச்சதில்ல."

டிவியோடு சேரும் விளையாட்டுப் பெட்டிதான் மூன்றாவது. கூட்டாளிக்கு அதன் மேல்தான் கண். வாங்குகிறவர்கள் செலவுக்கு யோசிக்க மாட்டார்கள் என்பாள். ஆனால் அதற்கு கேம் செய்ய அதைத் தயாரிப்பவர்களின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் அலுவலகத்தின் படம் கேட்டிருந்தது. சுருட்டி வைத்த பாயும் ஃபேன் இல்லாத கொக்கியும் தெரிகிற படத்தை எடுத்துப் பார்த்தேன். அனுப்பவில்லை. அந்தப் பெட்டிக்கும் கம்பி உண்டு, டிவி உண்டு. டிவி இருக்கிற அறையில் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள்.

கடைசியாகத் தனிக் கருவி. கம்ப்யூட்டர் வேண்டாம், கம்பி வேண்டாம். எல்லாம் தலையில் மாட்டுவதற்குள்ளேயே இருக்கும். பாட்டரியில் ஓடும். அதில் என் கேமைப் போட்டதும் மலை திணறியது. படம் விட்டுவிட்டு வந்தது. இந்த வேலையில் படம் ஒரு கணம் தடுமாறினாலும் ஆடுகிறவருக்குத் தலை சுற்றும். கூட்டாளியிடம் சொன்னேன்.

"எது ரொம்ப வெயிட்டா இருக்குனு பாரு," என்றாள்.

"பாத்துட்டேன். ஆளுங்க."

"எடுத்துடு."

"எல்லாரையுமா?"

"ஆடறவங்க பந்தைத்தான்டி பார்ப்பாங்க. மலை இருந்தா போதும்."

ஒரேயடியாக எடுக்க எனக்குக் கை வரவில்லை. முதலில் தூரத்துப் படியில் இருந்தவர்களை எடுத்தேன். ஓட்டிப் பார்த்தேன், திணறியது. நூறு பேரை விட்டுவைத்தேன், ஐம்பது, இருபது. முட்டியைப் பிடித்துவிடும் அம்மாவைக் கடைசிவரை வைத்திருந்தேன். அவரையும் எடுத்த பிறகு படம் தண்ணீர் மாதிரி ஓடியது. அதை மாட்டிக்கொண்டு அடிவாரத்தில் நின்று பார்த்தேன். திருத்தணி மலை எந்த நாளிலும் எந்த நேரத்திலும் அப்படி இருந்ததில்லை. காலடிச் சத்தம் கிடையாது. படிகள் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. எட்டு மாதம் கூட இருந்தவர்களை அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. அன்று நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை.

அக்காவிடம் கொடுக்கும்போது, "ஜனத்தை எல்லாம் எடுத்துட்டேன்கா. கொஞ்சம் வெறிச்சுனு இருக்கும்," என்று முன்கூட்டியே சொன்னேன். அவர் மாட்டிக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கம்பி இல்லாததால் நான் பின்னால் போக வேண்டியிருக்கவில்லை.

"யாருமே இல்லியா?"

"இல்லக்கா."

"நல்லா கீது," என்றார்.

அன்று அரை மணி நேரம் ஆடினார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். டியூட்டி முடிந்து ரயிலில் வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், கைப்பையோடு நேராக மாடியேறுவார். புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நிற்பார். நான் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைப்பேன். எந்தப் பாட்டில் மூச்சு வாங்குகிறது, எந்தப் பந்தை விடுகிறார் என்று நோட்டில் எழுதுவேன்.

ஐந்து மணி ஆனதும் ரயில் சத்தத்துக்குக் காது கொடுக்க ஆரம்பித்தேன். அவருக்காக எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தேன், சர்க்கரை போடாமல் உப்புப் போட்டுக் கொடுக்க. மதியமே தலை வாரிக்கொள்ள ஆரம்பித்தேன். ஆனால் வந்ததும் முதல் காரியமாக அதை மாட்டிக்கொள்வார். மாட்டியபின் அவர் அந்த அறையில் இல்லை. மூச்சும் வளையல் சத்தமும் மட்டும் இருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடித்துக் கழற்றியதும் முகமெல்லாம் சிவந்து, ஜூஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வரேம்மா, வூட்ல தேடுவாங்க," என்று கிளம்பிவிடுவார். நாளைக்கு எதைப் பற்றிப் பேசலாம் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே இருக்கும்.

அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் வடிவத்தைச் செய்தேன். இரண்டு பேர் ஆட்டம் என் பழைய ஆசை என்று கூட்டாளிக்குத் தெரியும், ஆனால் இப்போது செய்வதை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்டால் நேரம் இல்லை என்பாள். அதுவும் உண்மைதான், பக்கம் எழுதி அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. அவள் முன்பு அனுப்பிய பழைய தனிக் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் ஒன்பது நாளை அதற்கே செலவழித்தேன். பக்கத்துப் பக்கத்துப் படியில் இரண்டு பேர் நிற்கலாம். ஒருவருக்கு மற்றவரின் தலையும் இரண்டு கைகளும் தெரியும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குத்தினால் பந்து பூவாக உதிரும். அந்தப் பூவுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஆனது.

அக்கா வந்ததும் சொன்னேன். "இன்னிக்கு நானும் வரேன்கா, மலைக்கு."

சிரித்தார். மாட்டிக்கொண்டோம். பம்பை ஆரம்பித்தது. என் பக்கத்தில் அவர் தலை தெரிந்தது, அவர் கைகள் தெரிந்தன. எட்டு மாதம் நான் செய்தவர்களில் யாரும் இல்லாத அந்த மலையில் முதல்முறையாக எனக்குப் பக்கத்தில் ஒருவர். முதல் பாட்டில் மூன்று முறை பூ உதிர்ந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இரண்டாவது பாட்டில் அக்காவின் கை தளர்ந்தது. பந்துகளை விட ஆரம்பித்தார். பாட்டு முடிவதற்குள் அவர் தலை அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. கழற்றிவிட்டார் என்று புரிந்து நானும் கழற்றினேன்.

"இன்னாக்கா, தலை சுத்துதா?"

"இல்லமா." கைப்பிடிகளை மேசைமேல் வைத்தார். "தப்பா நெனச்சிக்காதே. பக்கத்துல ஒரு தலை தெரிஞ்சிகினே இருந்தா, யாரோ பாத்துகினு இருக்கற மாரி கீது."

"நான்தானேக்கா."

"நீதான். ஆனாலும்." நெற்றி வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "காலையில கவுண்டர்ல குந்தினா ஒவ்வொருத்தனும் கண்ணாடில மூஞ்சிய வெச்சிகினு நிப்பான். வூட்டுக்குப் போனா மாமியாரு, வூட்டுக்காரரு, நாத்தனாரு, அதும் புள்ளைங்க. பாத்ரூமுக்குப் போனாக்கூட வெளிய நின்னு கூப்புடுவாங்க. இந்த அரமணி நேரந்தான்மா எனக்கு யாருமே இல்ல. அதுக்கோசரந்தான் ஓடியாறேன்."

நான் சரி என்றேன். ஜூஸை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார், பாயை, மேசையை.

"நீ குடுத்து வெச்சவ," என்றார். "தனி ரூமு. ஏன்னு கேக்க ஆளு இல்ல."

மனசாரத்தான் சொன்னார். அவர் படியிறங்கிப் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக அவர் என்னைப் பார்க்க வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லாரிடமிருந்தும் தப்பித்து வந்துகொண்டிருந்தார். அந்த எல்லாரில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேன், ஒன்பது நாள் வேலை செய்து. கொஞ்ச நேரத்தில் கோபம் போய்விட்டது. அவர் பொய் சொல்லவில்லை, என்னை ஏமாற்றவும் இல்லை. நான் தலை வாரிக்கொண்டதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பக்கத்தை எழுதினேன். தனிக் கருவி ஒன்றுக்கு மட்டும். ஒருவர் மட்டும் ஆடுவது. இந்த கேமை ஆடப் போகிறவருக்கு ஒரு நாளில் அரை மணி நேரம்தான் கிடைக்கும், ஒரு சின்ன அறைதான் கிடைக்கும். அதுவும் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தால். கம்பி பிடிக்கவோ டிவியை விட்டுத்தரச் சொல்லவோ அவர் யாரையும் கூப்பிட விரும்ப மாட்டார். மாட்டிய ஒரு நிமிடத்தில் பம்பை அடிக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டுக் கூட்டாளியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"டிவி பெட்டியாவது சேர்த்துக்கலாமேடி."

"வேணாம். அது கூடத்துல இருக்கற சாமான். இது அங்க ஆடறது இல்ல."

"அப்புறம், ரெண்டு பேர் ஆடறது வேணும்னு ஆரம்பத்துலேர்ந்து நீதான சொல்லிட்டு இருந்தே?"

"டெஸ்ட் பண்ணேன். பிடிக்கல."

"யாருக்கு?"

"ஆடினவங்களுக்கு."

"நீ நல்லா இருக்க இல்ல?" என்று கேட்டாள். அப்படி அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நல்லா இருக்கேன் என்றேன். அவளுடைய குழந்தை பின்னாலிருந்து எதற்கோ கூப்பிட்டது. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒரே கருவி என்று தெளிவாகச் சொன்னதே அவர்களுக்குப் பிடித்திருந்ததாம். பிறகு ஐந்து மாத வேலை. அக்கா முன்போலவே வந்துகொண்டிருந்தார். நான் நாற்காலியை அறைக்கு வெளியே, மாடிப்படியின் மேல்தட்டில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவருக்கு அது புரிந்தது. அதற்கப்புறம் ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்ப மாட்டார். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போவார். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம்.

கேம் வெளியான நாள் ஒரு புதன்கிழமை. கூட்டாளி வீடியோவில் வந்து கேக் வெட்டினாள். நான் இங்கே கை தட்டினேன். அதை அணைத்த பிறகு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மெஸ்ஸுக்குப் போனேன். அன்று அங்கே கூட்டம். பரிமாறியவர் ரசமா மோரா என்றார். நான் ரசம் என்றேன்.

முதல் வாரத்திலேயே ஆடுகிறவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து. ஒருவர் தன் கார் ஷெட்டில் ஆடுவதாக எழுதியிருந்தார். ஒரு அம்மா, குழந்தைகள் தூங்கும் மதிய நேரத்தில் துணி துவைக்கும் அறையில் ஆடுவதாக எழுதியிருந்தார். மலை அமைதியாக இருக்கிறது, நன்றி என்று பலர் எழுதினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். நடவுக்குப் போகிறவர்கள் யாரும் எழுதவில்லை, எழுதவும் முடியாது. அந்தக் கருவியின் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. போன் வடிவத்தின் கோப்பை நான் அழிக்கவில்லை.

அக்காவின் மகள் பெங்களூரில் வேலை பார்த்தாள். பொங்கலுக்கு வந்தபோது அம்மாவுக்கு அதே தனிக் கருவியை வாங்கி வந்துவிட்டாள். அக்கா என்னிடம் கொண்டு வந்து காட்டினார். கேமைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியில் வெயில் படாமல் வைக்க வேண்டும் என்று சொன்னேன். மொட்டைமாடியில் நெல் மூட்டை போடுகிற அறையைக் காலி பண்ணியிருப்பதாகச் சொன்னார். உள்தாழ்ப்பாள் புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் வரவில்லை. வர வேண்டிய வேலை இல்லை. தெருவில் பார்த்தால் நின்று பேசுவோம். இரண்டொரு முறை உப்புமா வந்தது, நாத்தனார் பிள்ளையின் கையில்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அண்ணன் வீட்டில் தங்கினேன். மறுநாள் சென்னையில் வேலை இருந்ததால் அங்கிருந்து பஸ் பிடித்து அரக்கோணம் ஸ்டேஷனுக்குப் போனேன். திங்கட்கிழமைக் காலைக் கூட்டம். வரிசை நகர்ந்து கவுண்டருக்கு வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் அக்கா. இளைத்திருந்தார். கன்னம் ஒட்டி, வயது குறைந்த மாதிரி.

"நீயா! மெட்ராஸுக்கா?"

"ஆமாக்கா. நல்லா இருக்கீங்களா?"

"சக்கர நல்லா எறங்கியிருக்குன்னு டாக்டரு சொல்லிகினு இருந்தாரு." டிக்கெட்டைத் தள்ளினார். பிறகு கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஆறாவது பாட்டுல மஞ்ச பந்து ரொம்ப வேகமா வருதும்மா. என் வயசுக்காரங்களுக்குக் கை போவாது. கொஞ்சம் கொறச்சுடு."

"சரிக்கா, குறைச்சுடறேன்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றவர், "நகரும்மா, வண்டி வருது," என்றார். அக்கா அதற்குள் அவர் பக்கம் பார்த்து எந்த ஊர் என்று கேட்டுவிட்டார்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நோட்டை எடுத்து, ஆறாவது பாட்டு, மஞ்சள், வேகம் என்று எழுதிக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். வேலை விஷயம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து முறுக்கு எடுத்து எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். திருவள்ளூர் வரைக்கும் அவர் தன் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.